கண்ணில் மின்னல் தெரிந்தால் அன்றே கிளம்புங்கள்

கண்ணில் எது அவசரம், எது ஆறப்போடக் கூடியது என்பதை நாம் பெரும்பாலும் வலியைக் கொண்டுதான் முடிவு செய்கிறோம். கண் சிவந்து, உறுத்தி, நீர் வடிந்தால் அன்று காலையிலேயே கிளினிக்கிற்குப் போய்ச் சொட்டு மருந்தும் மருத்துவ விடுப்பும் வாங்கி வந்துவிடுகிறோம். அதே கண்ணின் ஓரத்தில் வலியோ சிவப்போ இல்லாமல் ஒரு நிழல் மட்டும் படிந்தால், சம்பளம் வரட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், தைப்பூசம் கழியட்டும் என்று நாளைத் தள்ளுகிறோம். முதலில் சொன்னது பெரும்பாலும் சில நாள்களில் குணமாகிவிடும் கண்நோய். இரண்டாவதாகச் சொன்னது, சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ ஒரு கண்ணின் பார்வையையே பறித்துவிடக்கூடிய விழித்திரை விலகலாக இருக்கலாம். கண்ணின் உட்சுவரில் படிந்து ஒளியைப் பதிவு செய்யும் விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது கிழிந்தாலும், இடம் பெயர்ந்தாலும், முழுவதுமாகக் கழன்றாலும் நமக்கு வலிக்காது. இந்த ஒரு செய்தி நம் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், பலருடைய பார்வை தப்பியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை எழுதக் காரணம் என் அண்ணன். பினாங்கின் பிறை நகரில் குடியிருக்கிறார். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லோரி ஓட்டுவது அவருடைய தொழில். சிறு வயது முதலே தடித்த கண்ணாடி அணிபவர். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், விடியற்காலை வேலைக்கு எழுந்து விளக்குப் போடாமல் நடக்கும்போதெல்லாம், இடக் கண்ணின் வெளி ஓரத்தில் வில்லாக வளைந்த ஒரு வெளிச்சக் கீற்று தோன்றி மறைவதைக் கவனித்திருக்கிறார். மழை மாதமாக இருந்ததால், வெளியே மின்னுகிறது என்றே முதலில் நினைத்தாராம். பிறகு அதே கண்ணில் கரும்புள்ளிகளும் நூல் நூலாகச் சிலவும் மிதக்கத் தொடங்கின. சாப்பிடும்போது ஈயை விரட்டுவதுபோல் அவர் கையை வீசுவதை அண்ணி பார்த்திருக்கிறார். "இராத்திரி எல்லாம் வண்டி ஓட்டினால் உடம்புச் சூடு கண்ணில்தான் ஏறும், நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகுங்கள்" என்று அண்ணி அக்கறையோடு சொன்னதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்கு நாம் அறிந்த முதல் வைத்தியம் அதுதான்.

அவர் போன கிளினிக்கில் கண் வறட்சி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சில நாள்களில், மூக்கின் பக்கமாகக் கீழிருந்து ஒரு சாம்பல் நிற நிழல் எழுந்தது. கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது போலும் என்று எண்ணி, பட்டர்வொர்த்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே பரிசோதனை செய்த சீனப் பெண் ஓர் இளம் ஓப்டோமெட்ரிஸ்ட். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வதற்கு முன்பே, நிழல் எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, வெளிச்சம் மின்னியதா என்று மலாயில் கேட்டிருக்கிறார். கேட்டு முடித்ததும், "அங்கிள், இது கண்ணாடி மாற்றும் பிரச்சினை இல்லை, இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள்" என்று சொல்லி, கையோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்து, பரிசோதனைக் கட்டணத்தையும் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். என் அண்ணனுக்கு இன்று அந்தக் கண்ணில் இருக்கும் பார்வை அவர் கேட்ட அந்த மூன்று கேள்விகளால் வந்தது.

கிளினிக்கில் ஏன் தெரியவில்லை என்று பலர் என்னிடம் கேட்டார்கள். சாதாரண கிளினிக்குகளில் மருத்துவர் கையில் பிடித்துப் பார்க்கும் சிறு கருவியால் கண்ணின் பின்புறத்தில் நடுப்பகுதியைச் சிறிதளவே காண முடியும். விழித்திரைக் கிழிசல்களோ பெரும்பாலும் அதன் விளிம்புப் பகுதியில் ஏற்படுபவை. அவற்றைக் காண, கருவிழியின் நடுவே ஒளி நுழையும் துளையான பாவையைச் சொட்டு மருந்தால் விரியச் செய்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் வில்லை பிடித்து, கண்ணை எல்லாத் திசையிலும் திருப்பச் சொல்லிக் கண் மருத்துவர் தேட வேண்டும். ஆகவே வெளிச்சக் கீற்று, திடீர்ப் புள்ளிகள், நிழல் ஆகிய மூன்றில் ஒன்றைச் சொன்னாலும், பாவையை விரிக்காமல் செய்த பரிசோதனையை முடிவான பரிசோதனையாக யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. "பாவையை விரித்துப் பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இனி, கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் படிந்திருக்கும் நரம்புத் திசு. அதன் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். ஒளியை உணரும் அணுக்கள் அதன் வெளிப்புறத்தில், நிறமிப் படலத்தை ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பிராணவாயுவும் ஊட்டமும் அந்தப் படலத்திற்கு அப்பால் உள்ள இரத்தக் குழாய் அடுக்கிலிருந்து வருகின்றன. விழித்திரைக்கு முன்னால் கண்ணின் உட்பகுதி முழுவதையும் விட்ரியஸ் என்னும் தெளிவான கூழ் நிரப்பியிருக்கிறது. அதில் ஏறக்குறைய 99 விழுக்காடு நீர். எஞ்சியிருப்பது நுண்ணிய நார்கள். வயது ஏற ஏற இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, ஐம்பது, அறுபது வயதுகளில் விழித்திரையிலிருந்து தானாக விலகி வருகிறது. இது முடி நரைப்பதைப் போன்ற இயல்பான மாற்றம்தான். பெரும்பாலோருக்குச் சில புள்ளிகள் மிதப்பதோடு முடிந்துவிடும். ஆனால் சிலருக்கு அந்தக் கூழ் ஏதோ ஓர் இடத்தில் விழித்திரையை இறுகப் பற்றியிருக்கும். விலகும்போது அந்த இடத்தை இழுக்கும். அந்த இழுப்பை மூளை வெளிச்சமாக உணர்கிறது. அண்ணன் பார்த்த மின்னல் அதுதான். இழுப்பில் விழித்திரை கிழிந்தால், நீர்த்துப்போன திரவம் அந்தக் கிழிசல் வழியே உட்புகுந்து, விழித்திரையைச் சுவரிலிருந்து தூக்கிக்கொண்டே போகும். தூக்கப்பட்ட பகுதி பார்க்காது. அதைத்தான் நாம் நிழல் என்கிறோம்.

இப்படித் திடீரென்று மின்னலும் புள்ளிகளும் தோன்றி வருபவர்களைப் பரிசோதித்தால், ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்; சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை வரச் சொல்வார்கள், அந்த இரண்டாவது தேதியையும் தவறவிடக் கூடாது. கிழிசல் மட்டும் இருந்து, விழித்திரை இன்னும் கழலாமல் இருக்கும் அந்தக் கட்டத்தில் பிடிபட்டால், செய்ய வேண்டியது மிகச் சிறிய சிகிச்சை. கிழிசலைச் சுற்றி லேசர் கதிரால் சிறு சிறு தழும்புகளை உண்டாக்கி, விழித்திரையைச் சுவரோடு ஒட்டவைத்துவிடுவார்கள். உட்கார்ந்தபடியே, மரத்துப்போகும் சொட்டு மருந்தோடு, பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். அந்த வாய்ப்பைக் கடந்துவிட்டால் அறுவை அரங்கம்தான்.

மருத்துவர்கள் நேரத்தைப் பற்றி ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பதை எனக்குப் புரியவைத்தவர் அண்ணனுக்குச் சிகிச்சை செய்த பிரிவில் இருந்த ஒரு பெண் மருத்துவர். நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்று கொஞ்ச நேரம் பசுமையாகத்தான் இருக்கும். அதற்குள் நட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும், நாள்கள் கடந்தால் நட்டும் பயனில்லை என்று அவர் சொன்னார். சுவரைவிட்டுக் கழன்ற விழித்திரையின் அணுக்களும் அப்படியே. முதல் சில நாள்களிலேயே அவை அழியத் தொடங்கிவிடுகின்றன. இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது மாக்குலா என்னும் நடுப்பகுதி. வாசிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தச் சிறிய இடத்தின் வேலை. மாக்குலா இன்னும் ஒட்டியிருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்துவிட்டால், பார்வை முன்பு இருந்த நிலைக்கு மிக அருகில் திரும்பக் கூடும். ஆகவே அப்படிப்பட்டவர்களை அன்றோ மறுநாளோ அரங்கிற்கு அழைத்துச் செல்ல முயல்கிறார்கள். மாக்குலாவும் கழன்றுவிட்டால், விழித்திரையை வெற்றிகரமாக ஒட்டவைத்த பிறகும் நேர்க்கோடு வளைந்து தெரிவதும், வண்ணங்கள் வெளிறித் தெரிவதும், எழுத்து மங்குவதும் மிஞ்சிவிடலாம். அந்த நிலையிலும் சில நாள்களுக்குள் செய்வதற்கும் வாரக்கணக்கில் தள்ளிச் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

நிழல் எந்தப் பக்கம் என்று அந்த ஓப்டோமெட்ரிஸ்ட் கேட்டதன் பொருளும் பிறகுதான் எனக்கு விளங்கியது. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், கீழே நிழல் தெரிந்தால் விழித்திரையின் மேற்பகுதி கழன்றிருக்கிறது என்று பொருள். மேலே தேங்கும் திரவம் புவியீர்ப்பால் கீழ்நோக்கி இறங்கும். இறங்கும் வழியில் மாக்குலா இருக்கிறது. எனவே கீழிருந்து எழும் நிழல் மேலிருந்து இறங்கும் நிழலைவிடப் பொதுவாக வேகமாகப் பரவும். அண்ணனுக்கு நிழல் கீழிருந்துதான் எழுந்தது. மருத்துவமனையில் அவரைப் படுக்க வைத்து, தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொல்லி, அறுவை சிகிச்சைவரை அப்படியே இருக்கச் சொன்னார்கள். மாக்குலாவின் விளிம்புவரை திரவம் வந்திருந்தது, அதைத் தாண்டவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு நூறாண்டு வரலாறுதான் உண்டு என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதன் பிறகு விழித்திரை விலகலை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்களே தவிர, எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் கண் போனது போனதுதான் என்று விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஜூல்ஸ் கோனின் என்பவர்தான், விலகலுக்குக் காரணம் கிழிசலே, கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று உறுதியாகச் சொல்லி, சூட்டுக்கோலால் அந்த இடத்தைச் சுட்டு அடைத்துக் காட்டினார். 1920களில் சக மருத்துவர்கள் பலர் அவரை நம்பவே தயங்கினார்கள். பிறகு 1950களில் சார்லஸ் ஷெப்பென்ஸ் அமெரிக்காவில், கண்ணின் வெளிச்சுவரில் பட்டை வைத்து உள்ளே அழுத்தும் முறையை வளர்த்தார். இரு கண்களாலும் பார்க்கும், தலையில் மாட்டும் அந்த விளக்குக் கருவியும் அவர் தந்ததே. ராபர்ட் மேக்கமர் 1970ஆம் ஆண்டையொட்டி மயாமியில், கண்ணுக்குள் நுண்கருவியை நுழைத்து விட்ரியஸ் கூழை வெட்டி உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். சென்னையில் 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் பத்ரிநாத், ஷெப்பென்ஸிடம் பயிற்சி பெற்றவர். நம்மில் பலர் ஊருக்குப் போகும்போது கண்ணைக் காட்டி வரும் அந்த மருத்துவமனைக்கும் இந்த வரலாற்றுக்கும் இப்படி நேரடித் தொடர்பு இருக்கிறது.

அண்ணனுக்குச் செய்தது மேக்கமர் வழிவந்த முறை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மூன்று துளைகள் போட்டு, கூழை அகற்றி, விழித்திரையை மீண்டும் படியவைத்து, லேசரால் அடைத்து, உள்ளே வாயுவை நிரப்பினார்கள். அரங்கிற்குள் போகுமுன் எந்தக் கண் என்பது தவறிவிடாதபடி, இடப் புருவத்திற்கு மேல் ஓர் அம்புக்குறியை மையால் வரைந்திருந்தார்கள். வீடு திரும்பிய பிறகும் சில நாள்கள் அந்தக் குறி அழியாமல் இருந்தது. கையில் கட்டிய பட்டையில், கண்ணுக்குள் வாயு இருக்கிறது, விமானத்தில் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. வாயுக் குமிழி எப்போதும் மேல்நோக்கியே மிதக்கும் என்பதால், கிழிசல் இருந்த இடத்தை அது அழுத்தும்படி தலையை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும். சிலரைக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். அண்ணனை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தே பழகியவருக்கு அது அறுவை சிகிச்சையைவிடக் கடினமாக இருந்தது. அண்ணி தலையணைகளை அடுக்கி முட்டுக்கொடுத்து, இரவில் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டார்.

வாயு கரையும் விதத்தை அண்ணன் நாள்தோறும் எனக்கு விவரித்தார். முதலில் எல்லாம் பனிமூட்டமாக, கையை அசைத்தால் மட்டுமே தெரிந்தது. பிறகு பார்வையின் மேல் விளிம்பில் ஒரு தெளிந்த கீற்று தோன்றியது. அதற்கும் மங்கலான பகுதிக்கும் நடுவே ஒரு கோடு, தலையை அசைக்கும்போதெல்லாம் தளும்பியது. அந்தக் கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் ஓர் உருண்டைக் குமிழியாகச் சுருங்கி, கீழ் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் காணாமல் போய்விட்டது. சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயு என்றால் ஏறக்குறைய இரண்டு வாரங்கள், பெர்புளோரோபுரோப்பேன் என்றால் ஆறு முதல் எட்டு வாரங்கள் இருக்கும். சிக்கலான விலகல்களுக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பி, சில மாதங்கள் கழித்து இன்னோர் அறுவை சிகிச்சையில் அதை எடுப்பார்கள்.

இங்கே நம் நாட்டு நிலவரத்தை ஒட்டி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விமானத்தில் ஏறக் கூடாது என்றால் எல்லோருக்கும் புரிகிறது. மலையில் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் அடைபட்ட வாயு விரியும், கண்ணின் உள் அழுத்தம் ஏறும், விழித்திரைக்குச் செல்லும் இரத்த ஓட்டமே நின்றுபோகலாம். பறக்கும் விமானத்தின் உட்பகுதியில் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். கெந்திங் மலையின் உயரமும் ஏறக்குறைய 1,800 மீட்டர்தான். ஆகவே கண்ணில் வாயுவோடு காரில் கெந்திங்கிற்கு ஏறுவதும் விமானத்தில் பறப்பதும் கண்ணைப் பொறுத்தவரை ஒன்றே. கேமரன் மலையும் அப்படியே. 800 மீட்டரைத் தாண்டும் நம் பினாங்குக் கொடிமலைக்குக்கூட, மருத்துவரைக் கேட்காமல் இரயிலில் ஏறிவிடக் கூடாது. பள்ளி விடுமுறையில் குடும்பமே கேமரனுக்குக் கிளம்பும்போது, அப்பாவின் கையில் இருக்கும் பட்டையை ஒருவர் நினைவூட்ட வேண்டும். பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ போனால், மயக்கத்திற்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துவிடாதபடி அங்கேயும் இதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாயு, கண்ணில் உள்ள குமிழியை வேகமாகப் பெரிதாக்கிவிடும்.

இதனாலேயே, ஊருக்குப் போய்ச் சென்னையிலோ மதுரையிலோ காட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இந்த நோய்க்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். கண்புரைக்கு அப்படிப் போவதில் தவறில்லை, அது காத்திருக்கும். விழித்திரை விலகலுக்கு டிக்கெட் எடுப்பதற்குள் மாக்குலா போய்விடும். அங்கே வாயு நிரப்பிவிட்டால் அது கரையும்வரை திரும்பி வரவும் முடியாது. இங்கேயே, பினாங்கு பொது மருத்துவமனையிலும், தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை ஆகியவற்றிலும் தேர்ந்த கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகுமே என்ற அச்சத்தில் நாள் கடத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு எந்த நேரமும் திறந்திருக்கிறது. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் மிகக் குறைவு.

போகும்போது சில விவரங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "கண் சரியில்லை" என்று முகப்பில் சொன்னால் உங்களைக் காத்திருக்கச் சொல்வார்கள். "நேற்றிலிருந்து இடக் கண்ணில் வெளிச்சம் மின்னுகிறது, நிழல் மறைக்கிறது, இது விழித்திரையாக இருக்கலாம்" என்று சொன்னால் முன்னுரிமை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எந்தக் கண், எந்த நாள், நிழல் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பாவையை விரித்தால் பல மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். ஆகவே தனியாக மோட்டார் சைக்கிளில் போகாமல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக அறுவை சிகிச்சை முடிவானால், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

யாருக்கு இது வரும்? பொதுவாக ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு வருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் அந்த அபாயம் எல்லோருக்கும் சமமாக இல்லை. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, அதிலும் கண்ணாடிக் கடையில் 600 பவருக்கு மேல் என்று சொல்லும் அளவில் உள்ளவர்களுக்கு, அபாயம் பல மடங்கு. அவர்களுடைய கண் இயல்பைவிட நீளமானது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு, விளிம்பில் மெலிந்திருக்கும். லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றிவிட்ட இளைஞர்கள் பலர் தங்களுக்கு இனிக் கிட்டப்பார்வை இல்லை என்று நினைக்கிறார்கள். அந்தச் சிகிச்சை கண்ணின் முன்புறத்தை மட்டுமே திருத்துகிறது, கண்ணின் நீளம் அப்படியே இருக்கிறது, அபாயமும் அப்படியே இருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை விலகியிருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு கண்ணில் விலகியவர்கள் ஆகியோரும் விழிப்பாக இருக்க வேண்டும். பூப்பந்து விளையாடும்போது கண்ணில் இறகுப்பந்து பட்டவர்களையும் சொல்ல வேண்டும். அடி பட்ட அன்று ஒன்றும் தெரியாமல், வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்திரை கழன்றவர்கள் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனை சொல்லும் கண் பரிசோதனைத் தேதிகளும் இதைத் தடுப்பதற்காகவே.

நம் சமூகம் தனியாகக் கவலைப்பட வேண்டிய வகை ஒன்று இருக்கிறது. அது இனிப்பு நீரால் வரும் விழித்திரை விலகல். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால், விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டு, அதற்கு ஈடாக நலிந்த புதுக் குழாய்கள் முளைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். பின்பு தழும்பாக இறுகி, விழித்திரையைப் பற்றி இழுத்துக் கழற்றிவிடும். இதில் மின்னலும் நிழலும் முன்னறிவிப்பாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மாக்குலா இழுபடும்வரை பார்வை நன்றாகவே இருக்கலாம். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசித்துவிடலாம். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை என்றால், நோய் கண்டறிந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் இதற்கான கேமரா இருக்கிறது. மாத்திரை வாங்கப் போகும் நாளில், "இந்த ஆண்டு கண்ணைப் படம் எடுத்தாகிவிட்டதா?" என்று பதிவுப் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள். என் மாமா ஒருவர், தமக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் தவிர்த்துவந்தார். இப்போது அவருக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை அண்ணனின் வீட்டில் இப்போது எல்லோரும் செய்கிறார்கள். இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது, ஒரு கண்ணில் விழும் நிழலை மற்றக் கண் நிரப்பிவிடும். ஆகவே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியின் நடுவே உள்ள தேதியை நேராகப் பார்க்க வேண்டும். தாளின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா, கட்டங்களின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கவனித்துவிட்டு, மறு கண்ணுக்கும் அதையே செய்ய வேண்டும். இது பாவையை விரித்துச் செய்யும் பரிசோதனைக்கு ஈடாகாது என்றாலும், நிழலைக் கொஞ்சம் முன்னதாகக் காட்டிக்கொடுக்கலாம்.

அண்ணனுக்கு ஒரே அறுவை சிகிச்சையில் விழித்திரை ஒட்டிக்கொண்டது. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அப்படி அமையும். மற்றவர்களுக்குத் தழும்புத் திசு வளர்ந்து மீண்டும் இழுப்பதால், இன்னொரு முறை செய்ய வேண்டி வரும். கூழை அகற்றிய கண்ணில் கண்புரை விரைவாக வளரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அது இப்போது தொடங்கியிருக்கிறது. அதற்கு அவசரம் இல்லை. லோரி ஓட்டுவதற்குக் கண் மருத்துவரின் ஒப்புதல் வரும்வரை, நிறுவனத்தின் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். வலக் கண்ணையும் பரிசோதித்தபோது, அதன் விளிம்பில் மெலிந்த ஒரு பகுதியும் அதற்குள் ஒரு சிறு துளையும் தெரிந்தன. அன்றே லேசர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

அவருடைய மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள், அவளுக்கும் 700 பவர் இருக்கிறது. "சித்தப்பா, எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, இப்போதே எதற்கு?" என்று தொலைபேசியில் கேட்டாள். அவளுடைய அப்பாவின் வலக் கண்ணிலும் ஒன்றும் தெரியவில்லை என்று நான் சொன்னேன். அடுத்த வாரமே பாவையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கண்களிலும் விளிம்பு சற்று மெலிந்திருக்கிறது, கிழிசல் இல்லை, சிகிச்சை தேவையில்லை, ஆண்டுக்கு ஒரு முறை வர வேண்டும், இடையில் மின்னலோ புள்ளிகளோ தெரிந்தால் அன்றே வர வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.